நாற்பது வாட்

போன வருஷம் ஆடி மாதம் ஒரு மைக் வாங்கினேன். சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக்தான். அது வீட்டுக்கு வருவதற்குள் பாட்காஸ்டுக்குப் பெயர் வைத்து, லோகோ வரைந்து, தொடக்க இசைகூடத் தேர்வு செய்திருந்தேன். எதைப் பேசப்போகிறேன் என்பதுதான் பாக்கி.

எங்கள் வீடு வேப்பூர் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கும் லாரி போகும். வெள்ளிக்கிழமை என்றால் விடியுமுன்னே ஆட்டுச்சந்தைக்கு வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். ஜன்னலில் போர்வையை மாட்டி, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்து, விருத்தாசலம் பீங்கான் தொழிலின் வரலாறு என்று எட்டு நிமிஷம் பேசிப் பதிவு செய்தேன். பேசினேன் என்பதைவிட வாசித்தேன் என்பதுதான் சரி. பதினோரு பேர் கேட்டார்கள். அதில் மூன்று தடவை நானே.

பெரியப்பாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "ஏண்டா, நியூஸா வாசிக்கிற? யாருக்குடா இது?"

எல்லாருக்கும்தான் என்றேன்.

"எல்லாருக்கும்னா யாரு?"

அதற்குப் பதில் இல்லை. பதிலைத் தேடப்போய், நூறு வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் தடுக்கி விழுந்த ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தேன்.

*

1924, சென்னை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது ஒரு சிறிய ஒலிபரப்பிக்கான பாகங்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றைப் பூட்டிச் சேர்த்தபோது கிடைத்த சக்தி நாற்பது வாட். நம் வீட்டுத் திண்ணையில் முன்பு எரிந்த குண்டு பல்பு இருக்கிறதே, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தோடு பேசலாம் என்று அவர் நம்பினார்.

தனியாக ஆரம்பிக்கவில்லை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 1924 மே 16 அன்று ஆர்வமுள்ளவர்கள் கூடி மதராஸ் மாகாண வானொலிக் கழகம் என்று ஒன்றை அமைத்தார்கள். ஆங்கிலத்தில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். ஜூலை 31 அன்று எழும்பூர் ஹாலோவேஸ் கார்டனிலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. நடுவில் இரண்டரை மாதம். உறுப்பினர் சேர்ப்பது, சந்தா பிரிப்பது, கம்பி கட்டுவது, பாடுகிறவர்களைக் கூப்பிடுவது எல்லாம் அந்த இரண்டரை மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பிறகு இருநூறு வாட் கருவி வந்தது. மாலை வேளையில் இரண்டரை மணி நேரம் பாட்டும் பேச்சும். இந்தியாவில் அப்போது அரசாங்க வானொலி என்று எதுவும் கிடையாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1923இல் இதேபோன்ற ஆர்வலர் குழுக்கள் முயன்றிருந்தன. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே 1936இல்தான் வருகிறது. ஆக இந்த நாட்டில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை, பொழுதுபோக்குக்காகக் கம்பியைத் திருகிக்கொண்டிருந்த ஆட்கள்தான். இன்றைக்குப் பாட்காஸ்ட் ஆரம்பிக்கிற நாமெல்லாம் அவர்களுக்குப் பங்காளி முறை.

கேட்பவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தின் மலிவான கருவி கிரிஸ்டல் செட். கலீனா என்ற ஈயத் தாதுவின் ஒரு சில்லு, அதன்மேல் தொட்டுக்கொண்டு நிற்கும் மெல்லிய கம்பி. அந்தக் கம்பிக்கு ஆங்கிலத்தில் பூனை மீசை என்றே பெயர். பேட்டரியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வந்து மோதுகிற அலையின் சக்தியிலேயே ஒலி கேட்கும். ஆனால் தலையில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவருக்கு மட்டும்தான் கேட்கும். மீசையைச் சில்லின்மேல் நகர்த்தி நகர்த்தி, சத்தம் வருகிற புள்ளியைத் தேட வேண்டும். பக்கத்தில் யாராவது தொம்மென்று நடந்தால் போச்சு. வால்வு வைத்த செட் என்றால் இன்னும் நன்றாகக் கேட்கும். அதை வாங்க வசதி வேண்டும். அந்த வசதி சென்னையில் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்?

1927 அக்டோபரில் கழகம் ஒலிபரப்பை நிறுத்தியது. காரணம் பணம். கருவி நன்றாகத்தான் இருந்தது. பாட ஆளும் இருந்தார்கள். சந்தா தரக்கூடிய காதுகள் போதவில்லை.

*

இதே வருஷங்களில் கடலுக்கு அந்தப் பக்கமும் ஒன்று நடந்தது. கொழும்பில் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் மத்தியத் தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிச் சாதனங்களிலிருந்து அந்தக் கருவியைச் செய்திருந்தார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு நிலையம் முறையாகத் தொடங்கியது. பின்னாளில் அந்த வழியில் வந்த இலங்கை வானொலி, தமிழ்நாட்டின் பாதி டீக்கடைகளை ஆண்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்ற பெயர்களை இங்கே ஐம்பதைத் தாண்டிய யாரிடமும் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். பெரியப்பா இன்னும் கே.எஸ். ராஜா மாதிரியே மூச்சுவிடாமல் பேசிக் காட்டுவார். இப்போது பாதியில் இருமல் வந்துவிடுகிறது.

கொழும்பு பிழைத்தது, சென்னைக் கழகம் பிழைக்கவில்லை. ஹார்ப்பருக்குப் பின்னால் ஓர் அரசுத் துறை இருந்தது. கழகத்துக்குச் சந்தாதாரர்கள் மட்டும்தான். தனியார் முதலே போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்குமா என்றால் சந்தேகம். 1927 ஜூலையில் பம்பாயில் பெரிய அளவில் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி, பம்பாய், கல்கத்தா என்று இரண்டே நிலையங்களோடு ஓடி, 1930 மார்ச்சில் நொடித்துப் போயிற்று. வருஷத்துக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டிக் கேட்கிறவர்களை நம்பிய கம்பெனி அது.

சென்னையில் கதை வேறு பக்கம் திரும்பியது. கழகம் தன் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பத் தொடங்கியது. வீதி பெருக்குவது, தண்ணீர் விடுவது, விளக்குப் போடுவது, அதோடு வானொலி. மாநகராட்சி செய்த காரியம் ஒன்றை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். வீட்டில் செட் இருக்கிறவர்கள் கேட்கட்டும் என்று விடவில்லை. மெரினா, ஹைகோர்ட் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராபின்சன் பூங்கா என்று மக்கள் ஏற்கெனவே கூடுகிற இடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் மாலையில் தனி நிகழ்ச்சி உண்டு. காற்று வாங்க வந்தவர், சுண்டல் விற்கிறவர், வேலை முடிந்து மணலில் துண்டை விரித்துப் படுத்தவர் எல்லாருக்கும் சங்கீதம். அதே ராபின்சன் பூங்காவில்தான் 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கிக்கு முன்னால் கூட்டமாக உட்காரும் பழக்கம் தமிழர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது ஆராய்ந்தால், இந்தப் பூங்காக்களிலிருந்தும் தொடங்கலாம்.

கருவி அதே கருவி. முதலில் வைத்திருந்தவர்கள் சந்தாதாரரைத் தேடினார்கள். அடுத்து வந்தவர்கள் ஜனம் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள். 1938 ஜூன் 16இல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் வந்தபோது, கேட்பதற்குப் பழகிய காதுகள் தயாராக இருந்தன.

*

மெரினாவில் வைத்த அந்த ஒலிபெருக்கியின் கிராமத்துத் தம்பிதான் பஞ்சாயத்து ரேடியோ. எங்கள் ஊர்ப் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே பெட்டி ரேடியோ. கூரைமேல் புனல் மாதிரி ஒரு ஸ்பீக்கர். சாயங்காலம் ஓர் ஆள் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். விவசாய நிகழ்ச்சி, சினிமாப் பாட்டு, டெல்லிச் செய்தி. சரோஜ் நாராயண்சுவாமியின் குரல் வந்தால் மணி பார்க்கத் தேவையில்லை. செய்தி முடிந்ததும் பூட்டிவிடுவார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அந்த ஆள் என் பெரியப்பா. 1966இல் சாவி அவர் கைக்கு வரும்போது வயது பத்தொன்பது. சம்பளம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. "ஆனா மரியாதடா. ஆறு மணிக்கு நான் நடந்து வந்தா, எனக்குப் பின்னாடி இருபது பேரு நடந்து வருவான்."

ரேடியோ அந்த வருஷங்களில் நிஜமாகவே வயலுக்குள் இறங்கியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்கு விவசாயிகள் வைத்த பெயர் ரேடியோ நெல். திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவிய ரகம் என்பதால் அந்தப் பெயர். ஓர் ஊடகம் ஒரு பயிருக்கே பெயராக நின்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் மானாவாரி, பருத்தியும் சோளமும்தான். ஆனாலும் நெல்லுக்கு என்ன உரம் போட வேண்டும் என்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போவார்களாம். பாட்டு அதற்கப்புறம்தானே வரும்.

எழுபதுகளின் கடைசியில் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தது. பஞ்சாயத்து ரேடியோவுக்கு ஆள் குறைந்தார்கள். பெரியப்பா சாவியைக் கொடுத்துவிட்டு விருத்தாசலத்துக்குப் பீங்கான் வேலைக்குப் போனார். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் மண்குழம்பை ஊற்றிப் பொம்மை, அகல் விளக்கு செய்வார்கள். அழுத்தி வார்த்து ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர் செய்வார்கள். முதல் வாரம் அவர் கையில் கொடுத்த சரக்கு, முட்டை வடிவத்தில் குறுக்கும் நெடுக்கும் துளை போட்ட வெள்ளைப் பீங்கான். பார்த்ததும் தெரிந்துவிட்டது என்பார். பஞ்சாயத்துக் கட்டடத்தின்மேல் இரண்டு மூங்கிலுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியின் இரண்டு முனையிலும் தொங்கியது அதேதான். கம்பியில் வந்த அலை மூங்கில் வழியாக மண்ணுக்குள் போய்விடாமல் தடுப்பது அந்த முட்டை. பதிமூன்று வருஷம் அண்ணாந்து பார்த்த பொருளை அடுத்த இருபத்தைந்து வருஷம் குனிந்து செய்தார்.

அந்த வேலையில் தூசி உண்டு. மண்ணோடு சேர்க்கிற வெள்ளைக்கல் பொடி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. முகத்துக்குத் துணி கட்டிக்கொள் என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள் குறைவு. இப்போது எழுபத்தெட்டு வயது. நான்கு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்த நான்கு, மூன்றாகிக்கொண்டு வருகிறது.

*

பாட்காஸ்டின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பெரிய கண்டுபிடிப்பே இல்லை. வலைத்தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தானாகச் சொல்லும் ஓடை ஒன்று ஏற்கெனவே இருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் அந்த ஓடையில் ஓர் ஒலிக்கோப்பையும் கட்டிவிடலாம் என்று வழி செய்தார். தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி அதற்குத் தூண்டுதல். 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில்தான் பாட்காஸ்டிங் என்ற சொல் முதலில் வருகிறது. கட்டுரையின் நீளத்துக்கு இன்னும் ஒரு வரி தேவைப்பட்டதால் போகிற போக்கில் எழுதிய சொல் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்ததும் அது பெருக ஆரம்பித்தது. தமிழில் வலையொலி என்றார்கள், ஒலியோடை என்றார்கள். இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் சந்தையில் பாட்காஸ்ட் என்றால்தான் புரிகிறது.

தொழில்நுட்பத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அனுமதி. 1885இன் தந்திச் சட்டம் தொடங்கி, இந்த நாட்டில் காற்றில் பேசுவது அரசாங்கத்தின் தயவு. 1933இன் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதே ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. தபால் ஆபீசில் போய் ரேடியோவுக்கு வில்லை ஒட்டி வந்த கதையை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். 1942இல், இருபத்திரண்டு வயது உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் காங்கிரஸ் வானொலியை ரகசியமாக நடத்தினார்கள். இடத்தை மாற்றி மாற்றி ஒலிபரப்பியும் நவம்பரில் பிடிபட்டார்கள். உஷாவுக்கு நான்காண்டு சிறை. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். கல்வி நிலையம் ஒன்றின் வளாகத்திலிருந்து முதல் சமுதாய வானொலி, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., ஒலித்தது 2004 பிப்ரவரி 1 அன்று. பாட்காஸ்டிங் என்ற சொல் அச்சில் வந்த அதே மாதம். ஒரு பக்கம் காத்திருந்து காத்திருந்து கிடைத்த அனுமதி. இன்னொரு பக்கம் அனுமதியே கேட்காத ஒரு வழி.

வேப்பூரில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற எனக்கு யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. போன் இருக்கிறது. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஓடையை அமைத்துக் கொடுக்கவும் இலவசத் தளங்கள் உண்டு. கிருஷ்ணசாமி செட்டி கடல் தாண்டிக் கொண்டுவந்தது என் சட்டைப் பையில் கிடக்கிறது. அப்படியும் என் முதல் ஒலிபரப்பு அவருடைய கழகம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர்களாவது மூன்று வருஷம் தாக்குப்பிடித்தார்கள்.

*

மார்கழியில் பெரியப்பாவைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். ஒரே தடவையில் இல்லை. காலையில் பத்து நிமிஷம், மூச்சு சீராக இருக்கிற நேரத்தில். தாள் எதுவும் இல்லை. ஒரு நாள் சாவி, ஒரு நாள் ஏரியல், ஒரு நாள் இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி. அன்றைக்கு விருத்தாசலத்தில் சூளைப் பக்கத்து டீக்கடை ரேடியோவில் கேட்டாராம். லாரிச் சத்தம் விழத்தான் செய்தது. விழட்டும் என்று விட்டேன்.

முதல் நாள் பதிவை ஆடாசிட்டியில் போட்டு இரைச்சலை நீக்கினேன். அதில் இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டை முதலில் தேர்ந்து காட்ட வேண்டும். இதுதான் வேண்டாத சத்தம் என்று அது கற்றுக்கொண்டு, மொத்தப் பதிவிலிருந்தும் அதை அழிக்கும். அவர் பேசாமல் இருந்த ஒரு துண்டைக் காட்டினேன். போட்டுக் கேட்டால் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவது மாதிரி இருக்கிறது. நடுநடுவே சொற்களே காணோம். என்ன ஆயிற்று என்று அந்தத் துண்டைத் திரும்பக் கேட்டேன். அவர் பேசாமல் இருந்த நேரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் இரைச்சல் என்று காட்டிக் கொடுத்தது அதை.

ரத்து செய்தேன். மூச்சு அப்படியே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு முதல் ஒரு நிமிஷம் கஷ்டமாக இருக்கும். பிறகு பழகிவிடும், எனக்குப் பழகிவிட்டது.

லோகோவை எடுத்துவிட்டேன். தொடக்க இசையும் இல்லை. ஓடையில் ஏற்றுவதற்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்தரைக்குச் சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் கேட்டேன்: அண்ணே, பாட்டுக்குப் பதிலா ஒரு பத்து நிமிஷம் இதப் போடறீங்களா? கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ப்ளூடூத் ஸ்பீக்கரை என் பக்கம் தள்ளினார். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் முதலில் கவனிக்கவில்லை. ஏரியல் கம்பி காற்றில் அறுந்து, பெரியப்பா கூரைமேல் ஏறிக் கட்டிய கதை வரும்போது மூன்று நான்கு பேர் கிட்டே வந்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது யாரு, ரேடியோக்காரரா? இன்னும் இருக்காரா?" என்றார். இருக்கார் என்றேன். "எங்க ஊருக்கும் அவருதான் வந்து ரிப்பேர் பாப்பாரு. நான் சொன்னேன்னு சொல்லு" என்று பெயரைச் சொன்னார். பிறகு ஆடு இழுக்க, போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அவனா? அவன் ஊர்ல ரேடியோ ரிப்பேர் ஆகலடா. பாட்டு போடுற நேரத்துல அவங்க ஊரு பசங்க ஒயரப் புடுங்கி விட்டானுவ. அத நான் சொல்லலியே..." மூச்சு வாங்கினார். "மைக்க எடு."

ஏழு மணி. வெளியே சந்தை முடிந்து வண்டிகள் கிளம்பும் சத்தம். காலர் மைக்கை அவர் பனியனில் மாட்டினேன்.